ஒன்பதாவது கிட்டார் நண்பர் வீட்டில் இருக்கிறது

நாற்பது வயதைத் தொடப்போகும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கல்லூரியில் வாங்கிய நைலான் ஸ்ட்ரிங் கிட்டார் ஒன்றை வைத்தே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர் இவர். கடந்த நான்கு வருடத்தில் மட்டும் எட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு அகூஸ்டிக், எலக்ட்ரிக்கில் ஒரு டெலிகாஸ்டர், இரண்டு ஸ்ட்ராடோகாஸ்டர், ஒரு லெஸ் பால், ஒரு பேஸ் கிட்டார், கடைசியாக உள்ளே பாதி கூடாக இருக்கும் ஒரு செமி ஹாலோ. பழையதோடு சேர்த்து ஒன்பது. இரண்டுக்கு இன்னும் மாதத் தவணை போகிறது. மனைவிக்கு எட்டுதான் தெரியும். அந்த செமி ஹாலோ, பெட்டியைக்கூட முழுதாகத் திறக்காமல், அலுவலக நண்பர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. முன்பு தினமும் ஒரு மணி நேரம் வாசித்தவர், இப்போது இரவு ஒரு மணி வரை கிட்டார்களை ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்களைப் பார்க்கிறார். பத்து வயது மகள் மட்டும் அந்தப் பழைய நைலான் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்து, மூன்றாவது ஸ்ட்ரிங் அறுந்துபோனதோடு ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

“குடியில்லை, சிகரெட் இல்லை. இது ஒன்றுதான். இது நோயா மேடம்? எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா? ஒரு 12 ஸ்ட்ரிங் மட்டும் பாக்கி. அதோடு நிறுத்திவிடுவேன். அது தப்பா?” என்று கேட்கிறார். பின்குறிப்பாக இன்னொரு கேள்வி: அந்த 12 ஸ்ட்ரிங்கை சன்பர்ஸ்ட் நிறத்தில் வாங்குவதா, மர நிறத்திலேயே வாங்குவதா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு கிட்டாருக்கும் நீங்கள் எழுதியிருக்கும் காரணம் பிரமாதம். டெலிகாஸ்டருக்கு அரைப் பக்கம், லெஸ் பாலுக்கு அரைப் பக்கம், நீதிபதி முன்னால் நிற்கும் வக்கீல் மாதிரி அடுக்கியிருக்கிறீர்கள். ஆனால் நான்கு பக்கத்தில் ஓரிடத்தில்கூட, கடைசியாக எந்தப் பாட்டை வாசித்தீர்கள் என்று இல்லை. அதைத் தேடித்தான் இரண்டாவது முறை படித்தேன்.

உங்களைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்குக் கிடையாது. என் மேசையில் பதினொரு மசிப் பேனா இருக்கிறது. நான் எழுதுவதெல்லாம் கணினியில். கிட்டாரும் இரண்டு வருடம் கற்றேன், எஃப் கார்டு என்கிற சுரக்கூட்டுக்கு விரலை மடக்கிப் படுக்க வைக்கிற இடத்தில் நின்றுபோனது. அப்போது நானும் “இந்தக் கிட்டார்தான் சரியில்லை” என்றுதான் சொன்னேன்.

இது நோயா?

இசைக்காரர்கள் இதற்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்’, சுருக்கமாக ‘காஸ்’. நீங்களும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கும் குறி ஒன்று போட்டிருக்கிறீர்கள். அது மருத்துவச் சொல் இல்லை. ஆனால் அடக்க முடியாமல் பொருள் வாங்குவது என்பது மருத்துவத்துக்குப் புதிதும் இல்லை. எமில் கிரேப்லின், ஆய்கன் ப்ளாய்லர் போன்ற மனநல மருத்துவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளுக்கு ஓர் உதாரணமாக இதைக் குறிப்பிடுகிறது. வல்லுநர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகாத விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை வைத்து யாரும் இதை முடிவு செய்வதில்லை. ஸ்டுடியோவில் வாசித்துப் பிழைக்கிற ஒருவரிடம் பதினைந்து இருந்தாலும் அது அவருடைய தொழில் கருவி. ஒன்றே ஒன்றை, வீட்டு வாடகைப் பணத்தில், பொய் சொல்லி வாங்கியவருக்குச் சிக்கல் அதிகம். மனநலத் துறையில் இருக்கும் நாங்கள் பார்ப்பது வேறு சில விஷயங்களை. நிறுத்த நினைத்து நிறுத்த முடியாமல் போனதா? மனம் சோர்ந்தபோது வாங்கினால் தேறுகிறதா? கடன் ஏறுகிறதா? மறைக்க வேண்டியிருக்கிறதா? கடிதத்தை மட்டும் வைத்து நான் நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன், அது முறையும் இல்லை. ஆனால் கடைசி இரண்டு கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

பெட்டி வரும் வரை

ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “ஆர்டர் போட்டதிலிருந்து பெட்டி வருகிற வரைக்கும் நான் வேறு ஆள் மேடம்.” நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி இதுதான்.

1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். ஆரம்பத்தில் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபின், விளக்கைப் பார்த்ததுமே துடித்தன. சாறு வந்த நேரத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. உங்கள் இரவு வீடியோக்கள்தான் அந்த விளக்கு. ‘பொருள் அனுப்பப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிற நொடியில் உங்களுக்குள் ஏறுவதில் பாதிகூட, கிட்டார் மடியில் உட்கார்ந்த பத்தாவது நாள் இருக்காது. உங்கள் ரசனையில் குறை ஒன்றும் இல்லை, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. அந்தப் பத்தாவது நாளில் அடுத்த விளக்கைத் தேடத் தொடங்கிவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

“ஆனால் புதுக் கிட்டார் கையில் வந்தால் நிஜமாகவே நன்றாக வாசிக்கிறேன்” என்கிறீர்கள். நம்புகிறேன். ஏன் என்று பாருங்கள். பெட்டியிலிருந்து வரும்போது அதில் புது ஸ்ட்ரிங் இருக்கும். பெரும்பாலும் யாரோ ஒருவர் கழுத்தை நிமிர்த்தி, ஸ்ட்ரிங்கின் உயரத்தைச் சரிசெய்து அனுப்பியிருப்பார். உங்கள் வீட்டு ஸ்டாண்டில் இருக்கிற முதல் அகூஸ்டிக்குக்குக் கடைசியாக எப்போது ஸ்ட்ரிங் மாற்றினீர்கள்? அதன் மூன்றாவது ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். கழுத்திலுள்ள உலோகப் பட்டையான ஃப்ரெட் படுகிற இடங்களில் சின்னச் சின்னப் பள்ளம் தட்டுப்பட்டால் பதில் கிடைத்துவிடும். ஒருவரிடம் கொடுத்து முழுதாக செட்டப் செய்து, புது ஸ்ட்ரிங் போட்டு வாசியுங்கள். புதுக் கிட்டார் தருகிறதாக நீங்கள் நினைக்கும் சுகத்தில் பெரும் பங்கு அங்கேயே இருக்கும்.

உங்கள் வாதங்கள்

‘ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம்’ என்பது பாதி உண்மை. ஸ்ட்ரிங்கின் அதிர்வை வாங்குகிற பிக்கப்பில், டெலிகாஸ்டரின் சிங்கிள் காயிலும் லெஸ் பாலின் ஹம்பக்கரும் ஒரே மாதிரி ஒலிக்காது. ஸ்ட்ரிங் அதிர்கிற நீளமான ஸ்கேலே வேறு, ஒன்று 25.5 அங்குலம், மற்றது ஏறக்குறைய 24.75. கையில் ஸ்ட்ரிங் இழுபடுகிற விதமே மாறும். ஆக, அந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு ஸ்ட்ராடோகாஸ்டர்? விரல் படுகிற பலகை ஒன்றில் மேப்பிள் மரம், ஒன்றில் ரோஸ்வுட் என்று விளக்கியிருக்கிறீர்கள். இரண்டிலும் ஒரே வரியை, ஒரே ஆம்பில், ஒரே அளவில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். மகளிடம் கொடுத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்தில் எட்டு முறை சரியாகச் சொன்னால் அந்த வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

‘முதலீடு’ என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். விலை எங்கேயோ போன கிட்டார்கள் உண்டு, உண்மைதான். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால், 1965-இல் சிபிஎஸ் நிறுவனம் வாங்குவதற்கு முன்னால் ஃபெண்டர் கம்பெனி செய்தவை, இப்படி. வேடிக்கை என்னவென்றால், அந்த லெஸ் பால் அந்தக் காலத்தில் சரியாக விற்கவே இல்லை. அதைச் செய்த கிப்சன் கம்பெனி 1961-இல் உருவத்தையே மாற்றிவிட்டது. அன்றைக்கு அதை வாங்கியவர் யாரும் முதலீடென்று வாங்கவில்லை. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் தயாராகிற மாடல் கடையை விட்டு வெளியே வந்ததும் பழைய பொருள் கணக்கில் போய்விடும். அதுவும் தவணை வட்டியோடு வாங்கியதை முதலீடு என்று சொல்ல எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மரிடம் 120-க்கு மேல் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. 2019-இல் அவற்றை ஏலம் விட்டு, வந்த பணத்தைச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பாதியை நீங்கள் எழுதவில்லை! இன்னொரு பெரிய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனும் 1970-இல் ஒரே கடையில் ஆறு பழைய ஸ்ட்ராடோகாஸ்டரை அள்ளினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். மீதி மூன்றிலும் நல்ல பாகங்களைக் கழற்றி ஒன்றாகப் பூட்டி, அந்த ஒன்றைத்தான் வருடக்கணக்கில் வாசித்தார்.

‘குடியில்லை, சிகரெட் இல்லை’ என்பதற்கு என்ன சொல்ல? செலவழிக்காத சாராயக் காசு எந்தக் கணக்கிலும் சேர்ந்திருக்கவில்லை. அதை எடுத்து கிட்டார் வாங்க முடியாது.

மனைவியிடம் சொல்வது

உங்கள் மூன்று கேள்வியிலும் இது இல்லை. ஆனால் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

எட்டாவது வந்தபோது அவர், “இது எத்தனையாவதுன்னாவது சொல்லுங்க” என்று மட்டும் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வாங்காதீர்கள் என்று சொல்வதை அவர் நிறுத்திவிட்டார், கணக்கையாவது மறைக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த மாதமே ஒன்பதாவதை நண்பர் வீட்டில் வைத்தீர்கள். இது தெரியவந்தால் அவருக்கு வலிக்கப்போவது கிட்டாருக்காக இருக்காது. தனக்குத் தெரியாதது உங்கள் நண்பருக்கும், அவர் வீட்டாருக்கும் தெரிந்திருக்கிறதே, அதற்காக இருக்கும். இப்படிப்பட்ட ரகசியம் வெளிவருவது பெரும்பாலும் சாதாரணமாகத்தான். நண்பரின் மனைவி ஏதாவது விசேஷத்தில், “உங்க வீட்டுக்காரர் கிட்டார் இன்னும் எங்க வீட்லதான் இருக்கு” என்பார்.

எனவே நீங்களே சொல்லுங்கள், இந்த வாரத்திலேயே. மகள் தூங்கிய பிறகு, போனைத் தள்ளி வைத்துவிட்டு. ஒன்பது என்று சொல்லுங்கள். தவணை எவ்வளவு பாக்கி, எந்த மாதம் முடியும் என்பதையும் ஒரு தாளில் எழுதி அதே பேச்சில் கொடுத்துவிடுங்கள். பாதியை இன்று சொல்லிவிட்டு மீதியைப் பிறகு சொன்னால், இரண்டாவது முறைதான் அதிகம் உடையும். ‘ஆனால்’ என்ற சொல் வேண்டாம். செமி ஹாலோவின் அருமையை அன்றைக்கு விளக்க வேண்டாம். அவர் கோபப்பட்டால் படட்டும், அழுதால் அழட்டும். உடனே “எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன்” என்று பாய்ந்து சமாதானம் தேடாதீர்கள். அது அவரைத் தேற்றுவதற்காகச் சொல்வதுபோல் இருக்கும், உண்மையில் உங்கள் சங்கடத்தை முடித்துக்கொள்வதற்காகத்தான்.

கோபம் தணிந்தபின், சில நாள் கழித்து, பணம் பற்றிப் பேசுங்கள். உங்களுக்கும் உரிமை உண்டு. உழைக்கிற ஒருவர் தன் சந்தோஷத்துக்கு ஒரு தொகை செலவழிப்பதில் குற்றமில்லை. வீட்டுச் செலவு, சேமிப்பு, தவணை எல்லாம் போக, இருவருக்கும் மாதம் ஒரே அளவு தொகை. அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை. அவர் அதை என்ன செய்தாலும் நீங்களும் புருவம் உயர்த்தக் கூடாது. அந்தத் தொகையைச் சேர்த்து வாங்கினால் எந்தக் கிட்டாருக்கும் அலமாரி தேட வேண்டியதில்லை. தவணை மட்டும் இனி கூடாது. அது இந்த ஏற்பாட்டையே தின்றுவிடும்.

எல்லாவற்றையும் விற்கலாமா?

வேண்டாம். குற்ற உணர்ச்சியில் மொத்தமாக விற்றவர்கள், ஆறு மாதத்தில் அதே கிட்டாரை அதிக விலைக்குத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். கையிலிருந்தவை போனபின் ‘தியாகம் செய்துவிட்டேனே’ என்ற நினைப்பே அடுத்த வாங்கலுக்குக் காரணமாகிவிடும்.

மூன்றை மட்டும் வெளியே வையுங்கள், கைக்கு எட்டுகிற மாதிரி, ஸ்டாண்டில். மற்றவற்றைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடுங்கள். மூன்று மாதம் போகட்டும். எதை நினைத்துக் கை பரபரத்ததோ அதை இறக்குங்கள். நினைவுக்கே வராதது எது என்பதும் அப்போது தெரிந்துவிடும். அதை விற்கலாம். ஆனால் விலையை நீங்கள் சொல்லாதீர்கள். கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. சிலருக்குச் சும்மா ஒரு காபிக் குவளையைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள், சில நிமிடம் முன்னால் கைக்கு வந்த குவளைக்கு! நான்கு வருடக் கிட்டாருக்கு நீங்கள் சொல்லும் விலை எப்படி இருக்கும்? ஒருவரும் வாங்க மாட்டார், ‘விற்கப் பார்த்தேன், போகவில்லை’ என்று அதையும் ஒரு காரணமாக எழுதுவீர்கள்.

ஆசை வரும் நேரத்துக்கு என்ன செய்வது? இரவு ஒரு மணிக்குத்தான் வருகிறது என்பது தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். கடைச் செயலிகளில் பதிந்து வைத்த கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு இலக்கத்தைத் தட்டுகிற சள்ளைக்கே பாதி ஆசை வடிந்துவிடும். ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன வேண்டும் என்று தோன்றியது, அன்றைக்குப் பகலில் என்ன நடந்தது என்று இரண்டையும் எழுதுங்கள். முப்பது நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தால், அலுவலகத்தில் திட்டு வாங்கிய நாளுக்கும் சிவப்பு நிற செமி ஹாலோவுக்கும் இருக்கும் உறவு தெரிய வாய்ப்பு உண்டு. உந்துதல் அலை மாதிரி, ஏறும், பிறகு இறங்கும். இறங்குவதற்குள் பட்டனைத் தட்டாமல் இருப்பதுதான் வேலை.

அந்த 12 ஸ்ட்ரிங்

இது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை. ‘இதோடு நிறுத்திவிடுவேன்’ என்பதைத்தான் நான் நம்பவில்லை, ஏனென்றால் அதே வரியை பேஸுக்கும் எழுதியிருக்கிறீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். 12 ஸ்ட்ரிங் கிட்டாரில் கீழ்ச் சுருதியில் இருக்கும் நான்கு ஜோடிகளிலும் கூடவே மேல் ஸ்தாயியில் ஒரு மெல்லிய ஸ்ட்ரிங் ஒலிக்கும். அந்த மினுமினுப்புதான் உங்களை இழுக்கிறது. ஒரு 12 ஸ்ட்ரிங் செட் மட்டும் வாங்கி, சும்மா இருக்கும் இரண்டாவது அகூஸ்டிக்கில் இ, ஏ, டி, ஜி நான்குக்கும் தடித்ததை விட்டுவிட்டு அந்த மெல்லிய ஸ்ட்ரிங்கை மட்டும் போடுங்கள். மேலே இருக்கும் பி, இ இரண்டும் வழக்கம்போல். நாஷ்வில் ட்யூனிங் என்பார்கள், பதிவுக் கூடங்களில் ரொம்ப காலமாகப் புழங்குவது. முதல் அகூஸ்டிக்கில் ஒரு வரியைப் பதிவு செய்து, அதன்மேல் இதை வாசித்துப் பாருங்கள். மூன்று மாதம் இதை விடாமல் வாசித்த பிறகும், சேர்த்து வைத்த உங்கள் பங்குத் தொகை இருந்து, மனைவிக்கும் தெரிந்து வாங்கினால் எனக்கு ஆட்சேபமே இல்லை.

எப்போது நேரில் ஆளைப் பார்க்க வேண்டும்

மேலே சொன்னதை எல்லாம் செய்தும் பத்தாவது வீட்டுக்கு வந்தால், அல்லது பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கினால், ஓர் உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை இதில் பலருக்கு உதவியிருக்கிறது. நெடுநாளாக மனச்சோர்வு இருந்தால் அதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம், கடிதத்தில் இல்லாவிட்டாலும் கேட்டுவிடுகிறேன். தூக்கமே தேவைப்படாமல், ஓயாத உற்சாகத்தோடு, சில நாளில் கண்மண் தெரியாமல் வாங்கிக் குவித்த காலம் ஏதாவது உண்டா? இருந்தால் மனநல மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள், அது வேறு வகை. அப்புறம், நீங்கள் ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? பார்க்கின்சனுக்கும், இரவில் கால் நிலைகொள்ளாமல் தவிக்கும் கோளாறுக்கும் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல், மனநலத்துக்குத் தரும் அரிபிப்ரசோல் ஆகியவை சிலருக்கு அடங்காத வாங்கும் வேகத்தையும் சூதாடும் வேகத்தையும் கிளப்பிவிடும். அப்படி இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, பின்குறிப்பு. சன்பர்ஸ்ட்டா, மர நிறமா என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கிட்டாருக்கு ஒரு ஜி ஸ்ட்ரிங் வாங்கிப் போடுங்கள். நைலான்தான் போட வேண்டும். அவசரத்துக்கு வீட்டில் கிடக்கும் ஸ்டீல் ஸ்ட்ரிங்கை மாட்டிவிடாதீர்கள், அந்த இழுப்பைத் தாங்காமல், ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். புது நைலான் இரண்டு மூன்று நாளைக்குச் சுருதியில் நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். மகளுக்கு ட்யூன் செய்யச் சொல்லிக் கொடுக்க அது நல்ல சமயம்.